ஸ்டாப்பர் மருமகளும் செவ்வரளியும்

தேவதர்ஷினி அந்தப் பந்தை உதைத்தபோது கோல் போட வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குக் கடுகளவும் இல்லை. பந்து அவள் பக்கத்துக் கோல் கம்பத்துக்குக் கிட்டே கிடந்தது. எதிரணிப் பெண்கள் மூன்று பேர், அரிசியைக் கண்ட கோழிகள் மாதிரி அதை நோக்கி ஓடிவந்தார்கள். இந்தச் சனியன் இங்கே கிடக்க வேண்டாம், எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்றுதான் காலை வீசினாள்.

அது ஆடி மாதம். திண்டுக்கல் ஆடிக்காற்று லேசுப்பட்டதல்ல; இங்கே கொடியில் காயப்போட்ட வேட்டியை செம்பட்டியில் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும். பந்து மேலே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றியது என்று பார்த்தவர்கள் பிற்பாடு சத்தியம் செய்தார்கள். வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து ஒதுங்கி வழிவிட்டதாம். எதிரணி கோல் கீப்பர் பாவம், ஆட்டம் இந்தப் பக்கம்தானே நடக்கிறது என்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பந்து அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கி, ஒரு குதி குதித்து, வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜெஸ்ஸி டீச்சர் பயிற்சி கொடுக்கும் பெண்கள் அணி கோல் போட்டு எத்தனை காலமாயிற்று என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவர்கள் போட வேண்டிய கம்பத்தில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பேரன் பேத்தியே எடுத்திருக்கும். அதனால் மைதானம் ஒரு நிமிஷம் மூச்சை மறந்தது. அப்புறம் போட்ட கூச்சலில் ரயில்வே ஜங்ஷனில் நின்ற வண்டி, சிக்னல் விழுந்துவிட்டதென்று நினைத்துக் கிளம்பப் பார்த்தது.

தேவதர்ஷினிக்கு அதுதான் முதல் மேட்ச். கல்யாணமாகி சாணார்பட்டிப் பக்கம் வாழவந்து, அந்த வருஷம்தான் அணியில் சேர்ந்திருந்தாள். அவள் ஆடும் இடம் ஸ்டாப்பர். அதாவது, தன் கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் மறித்துத் திருப்பி அனுப்புகிறவள். இப்போது எல்லோரும் அவளைத் தூக்கிவைத்து ஆடினார்கள். ஜெஸ்ஸி டீச்சரின் கண்ணில் ஒரு புது வெளிச்சம் தெரிந்தது. அது அவளுக்கு நல்ல வெளிச்சமாகப் படவில்லை.

நினைத்தது சரியாகப் போயிற்று. மறுநாளே டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுப் பூந்தோட்டத்துக்கே வந்துவிட்டாள்.

“தர்ஷினி, நீ இனிமே ஸ்டாப்பர் இல்ல. ஃபார்வர்டு. முன்னால நின்னு கோல் போடுற. முன்னால நின்ன பிரிஸ்கில்லா வேற கால் சுளுக்கிக் கெடக்கா. ஆண்டவரே பாத்துத்தான் உன்னை அனுப்பிருக்காரு.”

“மிஸ், அது காத்துல போனது மிஸ்.”

“எல்லாரும் காத்துலதான் அடிக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் போகலையே?”

தேவதர்ஷினி பூப்பறித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தாள். பின்னால் நின்றால் மைதானம் முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்பது பாய்கிறவளுக்கே தெரியுமுன் இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறந்த ஊர் செம்பட்டியில் தன் வீட்டு மக்காச்சோளத்தை ரோட்டோரம் காயப்போட்டு ஆடுகளிடமிருந்து காத்த பழக்கம் அது. ஆடு சோளத்தைப் பார்த்துக்கொண்டு வராது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி வரும். ஃபார்வர்டுகளும் அப்படியே. ஆனால் முன்னால் போய் நின்றால் பந்து முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, ஆட்களும் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறார்கள், அவளுக்கு நாலு பக்கமும் கண் கட்டின மாதிரி ஆகிவிடுகிறது.

“பழகிரும்” என்றாள் டீச்சர்.

“செலக்சனுக்கு ரெண்டு வாரந்தான் மிஸ் இருக்கு.”

அங்கேதான் விஷயம் இருந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க, அடுத்த மேட்ச்சைப் பார்க்கத் தேர்வாளர் வருகிறார். தேவதர்ஷினிக்கு அந்த ஒரு மேட்ச்தான் உயிர். காரணம் அவள் மாமியார் மூக்காயி.

மூக்காயியைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கல்யாணமாகி வந்த மருமகள் டவுசர் போட்டுப் பந்து விளையாடப் போகிறாள் என்று ஊர் வாயில் விரலை வைத்தபோது, அந்த விரலைக் கடித்துத் துப்பியவள் அவள்தான். “எங்க வீட்டுப் புள்ள வெளையாடுது, ஒங்க வீட்டுக் கொழம்புலயா உப்புக் கொறைஞ்சு போச்சு?” என்று தெருவில் நின்று கேட்டாள், அன்றைக்குப் பிறகு அந்தத் தெருவில் காக்காய்கூட மெதுவாகத்தான் கரைந்தது. ஆனால் மருமகளிடம் ஒரு கணக்கையும் சொல்லி வைத்திருந்தாள்: “இந்த வருசம் போயி ஆடு. பேரு வந்துச்சுன்னா ஒன் இஷ்டம். வரலைன்னா பேசாம எங்கூடப் பூவெடுக்க வந்துரணும்.” சொன்னால் சொன்னதுதான். மூக்காயியின் வாய்க்கு ரிவர்ஸ் கியர் கிடையாது.

ஆகவே மாவட்ட அணியில் பேர் வந்தால் ஆட்டம். வராவிட்டால் காலமெல்லாம் அரளியும் மல்லியும். ஃபார்வர்டாக நின்றால் தன்னை ஒரு குருடன்கூடத் தேர்ந்தெடுக்க மாட்டான் என்று தேவதர்ஷினிக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரமே பழகும்போது முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். பந்து வந்ததும் அவள் பழக்கதோஷத்தில் திரும்பி நின்று தன் சொந்த அணிப் பெண்ணையே மறித்துப் பந்தைப் பிடுங்கி, எதிர்த்திசையில் உதைத்தாள். அடுத்த தரம், கோல் கம்பம் ஒரு பனைமர தூரத்தில் இருந்தபோது பந்து பக்கத்துப் புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தரம் ஓடிக்கொண்டே பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்ததில் கம்பத்திலேயே மோதிக்கொண்டாள். ஜெஸ்ஸி டீச்சர் மனம் தளரவில்லை. “பாத்தியா, கோலுக்கு எம்புட்டுப் பக்கத்துல போயிட்டா!” என்றாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அந்த கோல் கதை திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டது. மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லி கைமாறுவதற்குள் ஒரு கதை ஏழு முழம் வளரும். மூக்காயியின் காதுக்கு வந்தபோது, மருமகள் கண்ணை மூடிக்கொண்டு இடது காலால் அடித்ததாகவும், வலை கிழிந்ததாகவும், எதிரணி கோல் கீப்பரை ஆட்டோவில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதாகவும் இருந்தது. மூக்காயி மார்க்கெட் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

“இனிமே நம்ம புள்ள முன்னாலதான் நிக்கும்” என்றாள் அன்று சாயங்காலம், வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டீச்சரிடம். “அதென்ன டீச்சரம்மா, இம்புட்டுக் கெட்டிக்காரியைப் பின்னால தள்ளி வச்சிருக்கீக? ரேசன் கடையிலகூடப் பின்னால நின்னா மண்ணெண்ணெய் கெடைக்காது.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

“அத்த, பின்னால நிக்கிறது தள்ளி வைக்கிறதில்ல” என்றாள் தேவதர்ஷினி. “அதுதான் ரொம்ப முக்கியமான எடம். நான் விட்டா கோலு.”

“நீ விட்டா கோலு, சரி. விடலைன்னா என்ன?”

“விடலைன்னா... ஒண்ணும் இல்ல.”

“பாத்துக்க! விட்டா வசவு, விடாட்டி ஒண்ணும் இல்ல. இது ஒரு வேலையா? இதுக்குப் பேரு எங்கிட்டு வரும்? பேப்பர்ல படம் போடுறவன், ‘இன்னைக்கு ஒண்ணும் ஆகல’ன்னு போடுவானா?”

மூக்காயி கேட்ட கேள்விக்கு அகில உலகத்திலும் எந்த ஸ்டாப்பரும் இதுவரை பதில் சொன்னதில்லை. தேவதர்ஷினி தன் புருஷனைப் பார்த்தாள்.

பழனிக்குமார் நல்லவன். பூ மூட்டைகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியை ஓட்டுகிறான். ரோட்டில் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவிலேயே போவான், வீட்டிலும் அப்படியே. சாம்பாரா ரசமா என்று அம்மாவும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றால், “ரெண்டையும் ஊத்துங்க” என்று கலந்து குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

“நீங்க சொல்லுங்க” என்றாள் தேவதர்ஷினி.

பழனிக்குமார் வானத்தைப் பார்த்தான். “நடுவுல எடம் எதுவும் இல்லையா?”

“ஏலே, ஒன்னைக் கேட்டதுக்கு தெருவுல போற கழுதையைக் கேட்டிருக்கலாம்” என்றாள் மூக்காயி. அப்புறம் டீ டம்ளரைக் கவிழ்த்துவைத்து எழுந்தாள். “எதுக்கு வாய்ச்சண்டை? கருப்பணசாமிகிட்டயே கேட்டுருவோம். வெள்ளிக்கிழமை பூப்போட்டுப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா பின்னால. செவப்பு வந்தா முன்னால. சாமி சொன்னதுக்கு மேல நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது. டீச்சரம்மா, ஒங்களுக்கு?”

ஜெஸ்ஸி டீச்சர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். கொஞ்சம் யோசித்தாள். “எனக்கு யார் சொன்னாலும் சரிம்மா. யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்.”

அந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, வாழை போடுவதா தென்னை வைப்பதா என்று எல்லாவற்றுக்கும் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு பூவைத் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஃபார்வர்டா ஸ்டாப்பரா என்று கருப்பணசாமியிடம் கேட்டது மட்டும் அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் மூக்காயி குளித்து முழுகி, ஈரத்தலையோடு பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு தட்டு. ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி.

“ஏ தர்சினி, வாழைநாரு நனைச்சு வச்சிருக்கேன் பாரு, எடுத்துட்டு வா.”

தேவதர்ஷினி பின்கட்டுக்குப் போனாள். நார் கையிலேயே கிடைத்ததால் மாமியார் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பினாள். கதவோரம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூக்காயி வாழையிலைத் துண்டில் ஒரு செவ்வரளியை வைத்து மடித்தாள். இன்னொரு துண்டை விரித்தாள். கை நந்தியாவட்டைத் தட்டுக்கு மேலே ஒரு வினாடி நின்றது. அப்புறம், ஒன்றும் தெரியாத மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, செவ்வரளித் தட்டுக்குப் போயிற்று.

தேவதர்ஷினிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரிந்த பார்வை. சோளத்தை நோக்கி வரும் ஆட்டின் பார்வை.

சத்தமில்லாமல் பின்னுக்கு வந்து, நாரைத் தண்ணீரில் மறுபடி முக்கி எடுத்து, கொலுசு குலுங்க நடந்து வந்து கொடுத்தாள். மூக்காயி இரண்டு பொட்டலத்தையும் கட்டி, பூக்கூடையில் வைத்து, மேலே ஒரு வெற்றிலையை மூடினாள். “சாமி விட்ட வழி” என்றாள். முகத்தில் பால் வடிந்தது.

கூடையைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வேலை பழனிக்குமாருக்கு. வண்டியைக் கிளப்பும்போது தேவதர்ஷினி ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ரெண்டுலயும் செவப்பைத்தான் வச்சிருக்காங்க அத்தை. நான் பாத்தேன்.”

“அம்மா அப்படிச் செய்ய மாட்டாங்க.”

“கண்ணால பாத்தேன்ங்க.”

“சாமி காரியம் தர்சினி. இப்படியெல்லாம் பேசப்படாது” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டான். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். டீச்சரும் வந்து சேர, கோயிலுக்கு மூன்று பேருமாக நடந்தார்கள். மூக்காயி முன்னால், டீச்சர் நடுவில், கடைசியில் தேவதர்ஷினி. மாமியாரைக் காட்டிக்கொடுக்க முடியாது. காட்டிக்கொடுத்தால் விளையாட்டுப் போகிறது என்பதல்ல, வீடே போய்விடும். அதைவிட, ஊரே வாயைப் பிளந்தபோது தனக்காகத் தெருவில் நின்ற மனுஷியை ஊர்க் கண்ணுக்கு முன்னால் எப்படி நிறுத்துவது? வழியெல்லாம் செண்டுமல்லி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. இனி இதுதான் நம் மைதானம் என்று பார்த்துக்கொண்டே போனாள்.

ஊர் எல்லையில் கருப்பணசாமி அரிவாளோடு நின்றார். மீசை ஒரு முழம், விழி ஒரு சாண். பூசாரி பொம்மையன் கற்பூரத்தைக் காட்டி, விஷயத்தைச் சாமிக்கு எடுத்துச் சொன்னார். சாமிக்குப் புரிய வேண்டுமே என்று அவர் விளக்கமாகவே சொன்னார்: “அய்யா, இந்தப் புள்ள பந்து வெளையாடுது. முன்னால நிக்கவா, பின்னால நிக்கவான்னு ஒன் வாக்குக் கேக்குது. முன்னாலன்னா கோலு போடுறது. பின்னாலன்னா கோலு விழுகாமப் பாக்குறது. நல்லா யோசிச்சுச் சொல்லணும்.”

கூடையிலிருந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் காலடியில் போட்டார். தன் பேத்தியை இறக்கி விட்டார். நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண் குழந்தை அது. தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தது.

“எடுத்துருச்சு!” என்றாள் டீச்சர்.

எடுத்த வேகத்தில் குழந்தை வீலென்று கத்தியது. பொட்டலத்தில் ஒட்டியிருந்த கட்டெறும்பு விரலைக் கடித்திருந்தது. பொட்டலத்தை வீசி எறிந்துவிட்டு, அழுகையை நிறுத்தாமலே இன்னொன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டது.

இப்போது ஒரு பெரிய சட்டச் சிக்கல் வந்துவிட்டது. முதலில் தொட்டதா, கடைசியில் வைத்துக்கொண்டதா? பொம்மையன் தாடையைச் சொறிந்தார். அவர் பரம்பரையில் எறும்பு இதுவரை குறுக்கிட்டதில்லை.

“எதை எடுத்தா என்னப்பா?” என்றாள் மூக்காயி தாராளமாக. அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, “எல்லாம் சாமி கைதானே. புள்ள கையில என்ன இருக்கோ, அதைப் பிரிங்க” என்றாள்.

தேவதர்ஷினியும் அதையேதான் நினைத்தாள். எதை எடுத்தால் என்ன? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே நின்றவர்களில் பழனிக்குமாருக்கு மட்டும் அந்தக் காலை வெயிலில் வேர்வை ஆறாக ஓடியது. சட்டையைப் பிழிந்தால் ஒரு பாத்தி வெங்காயத்துக்குப் பாய்ச்சியிருக்கலாம்.

பொம்மையன் குழந்தையின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி நாரை அவிழ்த்தார். இலையை விரித்தார்.

“வெள்ளை” என்றார்.

தேவதர்ஷினி தலையைத் தூக்கினாள். இலை நடுவில் நந்தியாவட்டை, இப்போதுதான் பூத்த மாதிரி சிரித்துக்கொண்டு இருந்தது.

மூக்காயியை அப்போது பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்தது; அதற்குள் ஒரு முழுத் தேங்காய் போயிருக்கும். பூவைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். தன் கையாலேயே வைத்துக் கட்டிய செவ்வரளி, சாமி காலடிக்கு வந்ததும் வெள்ளையாகிப் போயிற்று! கருப்பணசாமியின் ஒரு சாண் விழி இரண்டும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். “அய்யா!” என்று ஒரு சத்தம் போட்டாள். வேப்பமரத்துக் கிளிகள் அத்தனையும் சிறுமலைக்குப் பறந்துபோயின. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

“மன்னிச்சுரு அய்யா! புத்தி கெட்டுப் போச்சு! தெரியாமச் செஞ்சுட்டேன்! ஆடிக்குள்ள ஒனக்கு ஒரு கெடா!”

“என்னத்தைச் செஞ்சாங்க?” என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

“பக்தி மிஸ்” என்றாள் தேவதர்ஷினி. அவள் புருஷனைத் தேடினாள். அவன் வேப்பமரத்தில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

ஓகோ, என்று அவளுக்கு விளங்கியது. வழியில் வண்டியை நிறுத்தி இரண்டையும் மாற்றிவிட்டான்! சாம்பாரையும் ரசத்தையும் கலந்து குடிக்கிறவன், கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான்! சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷம் ஒரு மூச்சுவிடும் நேரம்தான் நீடித்தது. ஏனென்றால் பொம்மையன் குனிந்து, எறும்பு கடித்த அந்த முதல் பொட்டலத்தையும் கையில் எடுத்தார்.

“அது எதுக்கு பூசாரி?” என்றாள் தேவதர்ஷினி அவசரமாக. “அதுதான் சாமி சொல்லிருச்சே.”

“ரெண்டையும் பிரிச்சுக் காட்டணும்த்தா. இல்லைன்னா பூசாரி என்னமோ பண்ணிட்டான்னு நாளைக்கு எம்மேல பேச்சு வரும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அதிலும் வெள்ளை இருந்தால் எல்லாம் குட்டிச்சுவர். சாமியின் அற்புதம் சாயம் போய்விடும். பழனி மாட்டுவான், தானும் மாட்டுவாள். அவள் நெஞ்சு அடித்த அடியில் கோயில் மணி தானாக ஆடியிருக்க வேண்டும். பொம்மையன் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். இலையை விரித்தார்.

செவ்வரளி.

“அந்தா பாருங்க, அது வெள்ளை, இது செவப்பு. எல்லாம் சரியா இருக்கு” என்று எல்லோருக்கும் காட்டினார்.

தேவதர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்காயி மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, மருமகளின் நெற்றியில் கை நிறையத் திருநீற்றை அப்பினாள். “ஏத்தா, நீ பின்னாலதான். எவ சொன்னாலும் முன்னால போகப்படாது. டீச்சரம்மா, கேட்டுக்கிட்டீகளா?”

ஜெஸ்ஸி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள். “கேட்டுக்கிட்டேம்மா.”

திரும்பும்போது தேவதர்ஷினி வண்டியில் ஏறிக்கொண்டாள். கோயில் மறைந்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதானே?”

“என்னது?”

“எங்கிட்ட நடிக்காதீங்க.”

பழனிக்குமார் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். “பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் செவப்பாத்தான் இருந்துச்சு. தோட்டத்துல எறங்கி ஒரு வெள்ளையைப் பறிச்சு மாத்தி வச்சேன்.”

“ஒண்ணை மட்டுமா?”

“ஆமா.”

“ஏன், ரெண்டையும் மாத்துனா என்ன?”

“ரெண்டையும் வெள்ளையா வச்சா, அம்மா செஞ்ச அதே தப்பை நானும் செஞ்ச மாதிரி ஆயிரும்ல? கருப்பு அருவாளோட நிக்கிறாரு தர்சினி. ஒண்ணை மாத்துனேன்னு வையி, அம்மா தப்பும் நேராச்சு, எம்மேலயும் தப்பு இல்ல. அதுக்கப்புறம் சாமி பாடு.”

தேவதர்ஷினி அதை ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அம்மாவின் முழுக் களவும் மகனின் அரைக் களவும் சேர்ந்து, ஒரு சுத்தமான பூப்போடுதலாக முடிந்திருக்கிறது. அப்படியானால் கருப்பணசாமி நிஜமாகவே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் அவளுக்கு மற்றது உறைத்தது. குழந்தை முதலில் எடுத்தது செவ்வரளி. தன் மொத்த ஆட்டமும் ஒரு கட்டெறும்பின் பல்லில் தொங்கியிருக்கிறது!

“அடப்பாவி மனுசா! அந்த எறும்பு கடிக்கலைன்னா?”

“கடிச்சுச்சுல்ல?” என்றான் பழனிக்குமார்.

காலிப் பூக்கூடையை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். வண்டி கொஞ்ச தூரம் ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போயிற்று. கவிழ்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், வீட்டு வாசல் வரைக்கும் சிரித்தாள். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் என்னவோ ஏதோவென்று ஹாரனை அடித்துக்கொண்டே ஒதுங்கினார்.

செலக்சன் மேட்ச்சுக்கு மூக்காயி தானே வந்தாள். இதுவரை பந்தாட்டம் பார்த்ததில்லை. கோலுக்குப் பக்கத்தில் கோட்டோரமாகச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். தேர்வாளர் சிவபிரகாஷ், கறுப்புக் கண்ணாடியும் விசிலுமாக, அவளுக்கு நாலடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தேவதர்ஷினி தன் இடத்தில் நின்றாள். மைதானம் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்தவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்த மாதிரி. எதிரணி ஃபார்வர்டு ஒருத்தி மலைக்கோட்டையை ரசித்துக்கொண்டே பந்தோடு வந்தாள். ஓகோ, இடப்பக்கம் பாயப்போகிறாய், என்று தேவதர்ஷினி முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொண்டாள். அவள் இவள்மேல் முட்டிக்கொண்டு, “நீ எப்ப வந்த?” என்று கேட்டே விட்டாள்.

இடைவேளைக்கு அப்புறம் ஜெஸ்ஸி டீச்சரின் அணிக்கு, எதிரணி மூலையிலிருந்து பந்தை உதைக்கும் கார்னர் ஒன்று கிடைத்தது. எதிரணி கோலுக்கு முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். டீச்சருக்குப் பழைய ஆசை விட்டுப்போகவில்லை. “தர்ஷினி! இந்த ஒண்ணுக்கு மட்டும் மேல வா!” என்று கையை வீசினாள்.

தேவதர்ஷினி இரண்டெட்டு வைத்தாள்.

“ஏத்தா!” கோட்டோரத்திலிருந்து இடி விழுந்தது. “எங்கிட்டுப் போற? சாமி சொன்ன எடத்துல நில்லு!”

நடுவரே பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தார். தேவதர்ஷினி நின்றாள். அந்த நேரம் பார்த்து, கார்னரில் வந்த பந்தை எதிரணி ஒரே உதையில் வெட்டியெடுத்தது. மைதானம் முழுக்க ஆளில்லை. பந்தோடு ஒருத்தி, நூறு ஊருக்குத் தீ வைக்கப்போகிறவள் மாதிரி பறந்து வந்தாள். நடுவில் தேவதர்ஷினி ஒருத்திதான். அவள் அவசரப்படவில்லை. வந்தவளின் கண் எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்காத மாதிரி பார்க்கிறது என்று கவனித்தாள். அப்புறம் காலை நீட்டி, பூப் பறிக்கிற மாதிரி பந்தை எடுத்துக்கொண்டாள். வந்தவள் பந்து தன்னிடம்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு பந்தில்லாத காலோடு கோலுக்குள் ஓடிப்போய் வலையில் சிக்கிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. தேவதர்ஷினி புல்லில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்த சிவபிரகாஷ் டீச்சரிடம் பேசுவது காதில் விழுந்தது.

“யாருங்க அந்த ஸ்டாப்பர்? கார்னருக்குக்கூட மேல போகலையே! நீங்க கூப்பிட்டும் போகலையே! ஃபார்வர்டு என்கிட்ட லாரி லாரியா இருக்கு. இப்படி எடத்துல நிக்கிற ஆளுதான் ஒண்ணுகூட இல்ல. மாவட்ட கேம்புக்கு அனுப்பி வைங்க.”

ஜெஸ்ஸி டீச்சர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “நான்தான் சார் பின்னால நிறுத்துனேன். ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டிருந்தேன்.”

தேவதர்ஷினி புல்லில் அப்படியே மல்லாந்துவிட்டாள். இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த மூச்சு ஒரே தரமாக வெளியே வந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட நகர்ந்த மாதிரி இருந்தது. மேலே, மூக்காயியின் முகம் எட்டிப் பார்த்தது. கையில் செல்போன், மறுமுனையில் பூ மார்க்கெட்.

“ஆமாடி, மாவட்டத்துக்கு எடுத்துட்டாக! கோலா? கோலெல்லாம் போடலடி. அதெல்லாம் யாரு வேணும்னாலும் போடுவா. எதிர்த்தாப்புல முப்பது பேரு வந்தாளுக, ஒருத்தியை விடல எம்மருமக! ஒருத்தி வலையில மாட்டி, கத்தரிக்கோலு வச்சு வெட்டித்தான் வெளிய எடுத்தாக...”

“அத்த, பதினோரு பேருதான்” என்றாள் தேவதர்ஷினி படுத்தபடியே.

மூக்காயி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “நீ சும்மா கெட. பேப்பர்காரன் எழுத மாட்டான்ல? அப்ப யாரு எழுதுறது?” என்று சொல்லிவிட்டு, மறுபடி போனைக் காதில் வைத்தாள். “எங்கடி விட்டேன்? ஆங், நாப்பது பேரு...”